இதயத்துக்கு வழி கண்டவர்

நெஞ்சிலே வலி எடுக்கும், வாய்வு என்பார், சோடா ஒன்றைக் குடித்துவிட்டு மீண்டும் மூட்டை தூக்கப் போவார். இப்படிப்பட்ட தோழர்களை நாம் அறிவோம். வலிக்குக் காரணம் இதயக் குழாய் அடைப்பா என்பதை இன்று படம் பிடித்தே பார்க்க முடிகிறது. அதற்கான பாதையைத் தம் உடலிலேயே திறந்தவர் வெர்னர் போர்ஸ்மன்.

1904-இல் பெர்லினில் பிறந்தார். முதல் உலகப் போரிலே தந்தையைப் பறிகொடுத்தார். மருத்துவம் பயின்று, எபர்ஸ்வால்டே என்னும் சிறு நகரத்து மருத்துவமனையில் பணியேற்றார். உயிருள்ள மனிதனின் இதயத்துக்குள் கருவி நுழைந்தால் சாவுதான் என்று பெரிய மருத்துவர்களும் நம்பிய காலம் அது. கையின் இரத்தக் குழாய் வழியே மெல்லிய ரப்பர் குழாயைச் செலுத்தி இதயத்தை எட்டலாம் என்றார் இளைஞர் போர்ஸ்மன். கூடாது என்றனர் மேலோர்.

அவர் அடங்கவில்லை. 1929-இல் ஒரு நாள், கருவிகளுக்குப் பொறுப்பான நர்சம்மாள் சோதனைக்குத் தம்மையே தர முன்வந்தார். அவரை மேசையோடு கட்டிவிட்டு, தம் கையையே கீறினார் போர்ஸ்மன்! 65 செ.மீ. குழாய் உள்ளே சென்றது. குழாயோடு படி இறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தார். படம் எடுத்தார். குழாயின் முனை இதயத்தின் வலது மேலறையிலே இருந்தது, இதயமோ துடித்துக்கொண்டிருந்தது!

கிடைத்த பரிசு? ஏளனம். பெரிய மருத்துவமனையிலே இடம் நிலைக்கவில்லை. சிறுநீரக மருத்துவத்துக்குத் திரும்பினார்.

மற்றொன்றையும் மறைக்கமாட்டோம். 1932-இல் இட்லரின் கட்சியிலே சேர்ந்தார். சாவுக்கு அஞ்சாத நெஞ்சம் கொடுமையின் பக்கம் நின்றது. செயலைப் போற்றுவோம், ஆளைத் தொழமாட்டோம்.

அவர் காட்டிய வழியை நியூயார்க்கிலே கூர்னான், ரிச்சர்ட்ஸ் இருவரும் வளர்த்தனர். 1956-இல் மூவருக்கும் நோபல் பரிசு. 1958-இல் கிளீவ்லாந்து நகர மருத்துவர் மேசன் சோன்ஸ், இதயத்துக்கு இரத்தம் ஊட்டும் குழாய்க்குள்ளேயே சாய மருந்தைச் செலுத்திப் படமெடுத்தார். இன்று ஊரறிந்த ஆஞ்சியோகிராம் அதுவே. 1979-இல் போர்ஸ்மன் மறைந்தார்.

1990-இல் மேலும் ஒரு படி. உடலுக்குள் குழாய் நுழைக்காமல், சி.டி. ஸ்கேன் மூலம் இதயக் குழாய்களில் படிந்த சுண்ணாம்பை அளந்து எண்ணாகச் சொல்லும் முறை வந்தது. எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். வலியே வராதவருக்கும் வரப்போகும் கேட்டை முன்கூட்டி உணர்த்த அது உதவும். படம் மட்டுமே தீர்ப்பல்ல. வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை, பீடி சிகரெட் யாவற்றையும் சேர்த்தே மருத்துவர் கணிப்பார். வலி வந்துவிட்டாலோ, கணக்குப் பார்க்க நேரமில்லை. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இயந்திரம் நிற்கும் முன்பே பழுது பார்க்கிறோம். அதை ஓட்டுபவனின் இதயம் நிற்கும் வரை காத்திருப்பதா? ஒருவர் உயிரைப் பணயம் வைத்துத் திறந்த வழி, பணம் படைத்தோருக்கு மட்டுமே வழியாகிவிடக் கூடாது. ஏழையின் நெஞ்சுக்கும் அந்தப் படம் எட்ட வேண்டும் என்போம் நாம்.