ஓடுவோர் மூச்சை அளந்த பேரறிஞர்

ஆர்ச்சிபால்டு ஹில் என்பார் 1886-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிற் பிறந்தார். இளமை முதல் ஓட்டத்தில் விருப்பமுடையவர். தசைகளில் வெப்பம் உண்டாகும் விதத்தை ஆராய்ந்து, 1922-ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் ஒரு பாதியைப் பெற்றார்.

நெடுந்தூரம் ஓடுவாரது தாங்குந்திறனை அளப்பது எங்ஙனம்? மாஞ்செஸ்டர் சர்வகலாசாலைப் பேராசிரியராயிருந்த ஹில், முதுகிற் பையொன்றைச் சுமந்து தாமே புல்தரையில் ஓடினார். வெளிவிட்ட மூச்சை அதில் அடைத்து, உடல் உட்கொண்ட பிராணவாயுவைக் கணக்கிட்டார். வேகம் மிகுந்தோறும் அதுவும் மிகுந்து, நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர் அளவில் நின்றுவிட்டது. அவ்வெல்லை இன்றும் வீரரைச் சோதிக்கும் தலையாய அளவுகோலாகும்; பயிற்சியால் அதனை ஓரளவு உயர்த்தலுமாம்.

1943-ல் இந்தியாவுக்கு வந்து, நம் நாட்டு விஞ்ஞான ஆராய்ச்சியைப்பற்றி அறிக்கையொன்று அளித்தார். 1977-ல் காலமானார். இராஜகீழ்ப்பாக்கத்துச் சாலையில் ஓடி இளைக்கும் நாம், சோதனைக்குத் தம் உடலையே தந்த அவரை நன்றியுடன் நினைவோமாக.