கொட்டகை வாயிலிலிருந்து கலைவாணர் வரை

தமிழ்த் திரையுலகில் கதாநாயகர் பலர் தோன்றினர்; மறைந்தனர். ஆனால் படத்தின் நகைச்சுவைப் பகுதியில் மட்டும் வந்து போய், கதாநாயகரினும் மிக்க அன்பை மக்களிடம் பெற்றவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அவர்கள்.

1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். வறுமை, தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்திற்று. டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்க வந்த பிள்ளையின் கண் தட்டிலா இருந்திருக்கும்? மேடையில்தான் இருந்திருக்க வேண்டும். நாஞ்சில் நாட்டுக்கே உரிய வில்லுப்பாட்டும் அவருக்கு இளமையிலேயே கைவந்தது.

டி.கே.எஸ். சகோதரர்களின் பாலர் நாடக சபையில் சேர்ந்ததே அவர் வாழ்வின் திருப்பம். அச்சபையின் தேசபக்தி நாடகத்தில் காந்தியடிகளின் வரலாற்றை வில்லிசையாகப் பாடிப் புகழடைந்தார். 1935-இல் மேனகா, 1936-இல் சதி லீலாவதி எனப் படவுலகம் அவரை அழைத்துக்கொண்டது. வசந்தசேனா படப்பிடிப்பின்போது டி.ஏ.மதுரம் அம்மையாரைச் சந்தித்தார். இருவரும் வாழ்விலும் திரையிலும் இணைந்தனர். தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தம் குழுவினரைக் கொண்டு தாமே அமைத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டாயிற்று. மூடநம்பிக்கை, குடி, சாதிச் செருக்கு ஆகியவற்றைச் சாடினார். சாடப்பட்டவனும் உடன் சிரித்தான்.

புகழின் உச்சியில் பேரிடி விழுந்தது. 1944-இல் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்ட வழக்கில், தியாகராஜ பாகவதரோடு இவரும் கைதானார். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றது. உயர்நீதிமன்றம் முறையீட்டைத் தள்ளியது. பின்னர் இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பியனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவரென விடுதலை பெற்றனர். இடைப்பட்ட காலத்தில் மதுரம் அம்மையார் கலங்கி அமர்ந்தாரல்லர். எஸ்.வி.சகஸ்ரநாமம் அவர்களின் துணையோடு நாடகக் குழுவைக் காத்தார். நகைச்சுவை நடிகையென்றே அவரை அறிந்தவர்கள், அம்மையாரின் நெஞ்சுரத்தை அன்றுதான் அறிந்தனர்.

சிறை மீண்ட பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை. கிருஷ்ணனோ விட்ட இடத்திற்கும் மேலே ஏறினார். 1947-இலேயே பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்னும் பட்டத்தைச் சூட்டினார். அறிஞர் அண்ணாவின் கதையில் உருவான நல்லதம்பி 1949-இல் வெளிவந்தது. அவர் படைப்புக்களில் என் நெஞ்சில் முதலிடம் பெறுவது அதில் இடம்பெற்ற கிந்தனார் காலட்சேபமே. உடுமலை நாராயணகவி அவர்கள் ஆக்கித் தந்தது அது. நந்தனார் சிதம்பரம் காண விழைந்தார். கிந்தனோ பட்டணம் சென்று படிக்க விழைந்தான். ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளையாகிய அவன் ரயிலேறிச் சென்று கற்று, பள்ளி ஆய்வாளனாகத் தன்னூருக்கே திரும்புகிறான்.

தங்கவயல் வாழ் நமக்கு இஃது அயலார் கதையன்று. சுரங்கத்துள் இறங்கிய தந்தையர், தம் பிள்ளைகள் இறங்கலாகாது என்றே படிக்கவைத்தனர். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், மாரிகுப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் வண்டியில், புத்தகப் பையோடும் சோற்றுப் பாத்திரத்தோடும் நம்மவர் நெருங்கி ஏறுவதை இரயில்வே ஊழியனாகிய நான் காண்கிறேன். அவ்வண்டியில் எத்தனை கிந்தனார்களோ!

பின்னர் மணமகள், பணம் ஆகிய படங்களைக் கலைவாணர் தாமே இயக்கினார். ஈட்டிய பொருள் அவர் கையில் தங்கியதில்லை, கேட்டவர்க்கெல்லாம் ஈந்தார். நாகர்கோவிலில் காந்தியடிகளுக்கு நினைவுத்தூணும் எழுப்பினார். 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள் தமது 48-ஆம் வயதில் காலமானார். சென்னை தியாகராய நகரில் அவருக்கு எழுப்பப்பெற்ற சிலையை, 1969 சனவரியில், நோயுற்றிருந்த நிலையிலும் முதலமைச்சர் அண்ணா அவர்கள் நேரில் வந்து திறந்துவைத்தார்.