ஐந்து திராக்மா போட்டால் தண்ணீர்

சிம்போசியத்துக்கு பிளைவுட்டில் ஒரு ஆர்கேட் கேபினட் செய்து, விளையாட வருகிறவர்களிடம் சேரும் காசை ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுக்கலாம் என்று உங்க டீம் கிளம்பினால், ஜாய்ஸ்டிக், ஸ்க்ரீன், ராஸ்பெரி பை எல்லாம் ரெண்டு வாரத்தில் முடிந்துவிடும். கடைசியில் இழுப்பது காசு போடும் இடம்தான். பக்கத்தில் ஒரு உண்டியல் வைத்தால் போதாதா என்று யாராவது கேட்பாங்க. போதாது. உண்டியலில் காசு விழுந்தது கேமுக்குத் தெரியாது. காசு விழுந்தால்தான் ஆட்டம் தொடங்கணும், ஒரு காசுக்கு ஒரு ஆட்டம்தான் கிடைக்கணும், ஆட்டம் முடிந்ததும் மெஷின் தானாகப் பழைய நிலைக்கு வரணும். இந்த மூன்றையும் சேர்த்து முதன்முதலில் எழுதி வைத்தவர் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான். ஒன்பதாம் வகுப்பில் முக்கோணத்தின் மூன்று பக்கத்தைக் கொடுத்துப் பரப்பளவு கேட்பாங்களே, அந்தச் சூத்திரத்துக்காரர் ஹெரான்.

ஊர் எகிப்தின் அலெக்சாந்திரியா. எழுதிய மொழி கிரேக்கம். பிறந்த தேதி, குடும்பம் எதுவும் எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. அவர் காலத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு சந்திர கிரகணம். நில அளவைக் கருவி பற்றிய 'டயோப்ட்ரா' நூலில், ஒரே கிரகணத்தை ரோமிலும் அலெக்சாந்திரியாவிலும் பார்த்து ரெண்டு ஊருக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிடும் முறையை அவர் விளக்குகிறார். உதாரணமாக எடுத்துக்கொண்ட கிரகணம் வசந்த சம இரவுக்குப் பத்து நாள் முன்னால், அலெக்சாந்திரியாவில் இரவின் ஐந்தாம் மணியில் நடந்தது என்கிறார். ஆட்டோ நியூகெபாவர் 1938இல் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, கி.பி. 62 மார்ச் 13 அன்று வந்த கிரகணம் அதற்குப் பொருந்தியது. பெரும்பாலான அறிஞர்கள் அவரை அந்தக் காலத்தில் வைப்பது இதனால்தான். பயோடேட்டாவே இல்லாத ஒருவரை ஒரு பயிற்சிக் கணக்கு காட்டிக்கொடுத்திருக்கிறது!

அவர் எழுத்தைப் படித்தால் ஒரு நல்ல லேப் மேனுவல் மாதிரி இருக்கும். இந்தப் பாத்திரத்தை எடு, இங்கே துளை போடு, இந்தக் குழாயை ஈயத்தால் பற்றவை என்று போகும். எல்லாம் என் கண்டுபிடிப்பு என்று அவர் மார்தட்டவில்லை. முன்னோர் செய்ததையும் தான் சேர்த்ததையும் ஒன்றாகத் தொகுப்பதாகத்தான் 'நியூமேடிக்கா'வின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். நீராவியில் சுழலும் உருண்டை, பலிபீடத்தில் நெருப்பு மூட்டினால் திறக்கும் கோயில் கதவு எல்லாம் இந்த நூலில்தான் வருகின்றன.

காசு போடும் பாத்திரமும் இதில்தான். கோயிலுக்கு வருகிறவர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளத் தண்ணீர் தரும் சாதனம் அது. மேலே ஒரு பிளவு. உள்ளே தராசு போல ஒரு நெம்புகோல். அதன் ஒரு முனையில் சின்னத் தட்டு, மறுமுனையில் தண்ணீர்க் குழாயின் வாயை அடைக்கும் மூடி. ஐந்து திராக்மா நாணயத்தைப் பிளவில் போட்டால் அது தட்டில் விழும், தட்டு இறங்கும், மறுபக்கம் மூடி தூக்கும், தண்ணீர் ஓடும். தட்டு சாயச் சாய நாணயம் வழுக்கிக் கீழே விழுந்துவிடும். உடனே மூடி உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான்.

இதில் டைமர் எங்கே என்று தேடிப் பாருங்க. நாணயம் தட்டில் தங்கும் அந்த ஒரு கணம்தான் டைமர். எவ்வளவு தண்ணீர் தரணும் என்பதைத் தட்டின் சாய்வே முடிவு பண்ணுகிறது. ரீசெட் பண்ண ஆளும் வேண்டாம். எல்லாரும் நீராவி உருண்டையைத்தான் கொண்டாடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பாத்திரம்தான் அதைவிடப் பெரிய வேலை.

கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கும் அவரிடம் ஒன்று இருக்கிறது. தானாக உருண்டு வந்து, நின்று, காட்சி காட்டிவிட்டுத் திரும்பிப் போகும் பொம்மைக் கோயில் ஒன்றை 'ஆட்டோமேட்டா' நூலில் விவரிக்கிறார். கடுகோ தினையோ நிரப்பிய குழாயில் ஒரு ஈயக் கட்டி, தானியம் கசியக் கசிய மெல்ல இறங்கும். அதில் கட்டிய கயிறு அச்சைச் சுழற்றும். அச்சில் உள்ள முளைகளில் கயிற்றை எந்தத் திசையில் சுற்றுகிறோமோ அதுதான் புரோகிராம்.

இவ்வளவும் நம் கைக்கு வந்து சேர்ந்ததே பெரிய பாடு. 'மெக்கானிக்கா' முழுதாகக் கிடைப்பது அரபு மொழிபெயர்ப்பில்தான். முக்கோணச் சூத்திரத்துக்கு நிரூபணம் தரும் 'மெட்ரிக்கா' 1896இல்தான் கான்ஸ்டாண்டிநோபிளில் ஏட்டுப் பிரதியாக அகப்பட்டது. அந்தச் சூத்திரமே ஆர்க்கிமிடீசுடையது என்று அல்பிரூனி எழுதியிருக்கிறார் என்பது தனிக் கதை. 'நியூமேடிக்கா' 1575இல் லத்தீனில் அச்சானது, 1851இல் ஆங்கிலத்தில் வந்தது. 1880களில் லண்டனில் அஞ்சல் அட்டை விற்கும் காசு மெஷின்கள் முளைத்தன.

ஹெரானின் தட்டுக்குத் தெரிந்தது எடை ஒன்றுதான். அதே எடையில் ஈயத் துண்டைப் போட்டாலும் தண்ணீர் வரும். இன்றைய காயின் அக்செப்டர் உலோகத்தையும் பார்க்கிறது. ஒப்பிடும் வகை என்றால் உள்ளே ஒரு மாதிரி நாணயத்தைச் செருகி வைக்கணும். விழும் காசு அதோடு பொருந்தினால் ஒரு பல்ஸ் கொடுக்கும், பொருந்தாவிட்டால் வெளியே தள்ளிவிடும். அந்தப் பல்ஸை மாமேயில் ஐந்தாம் எண் விசைக்கு இணைத்தால் ஒரு கிரெடிட் ஏறும்.

நம் ஊரில் சிக்கல் வேறு. ஐந்து ரூபாய் நாணயத்தில் பழைய குப்ரோ நிக்கல் 9 கிராம், அதே 23 மி.மீ. அகலத்தில் வந்த பித்தளை நிறத்தது 6 கிராம், 2019 வரிசையில் வந்தது 25 மி.மீ. அகலம், 6.74 கிராம். மாதிரியாக ஒன்றை மட்டும் வைத்தால், நல்ல மனசோடு போடுகிறவரின் நல்ல காசையே மெஷின் திருப்பித் துப்பும். அதனால் பல நாணயங்களைக் கற்றுக்கொள்ளும் வகையையே வாங்குங்க. மூன்றையும் கற்றுக்கொடுங்க. பல்ஸ் லைனில் ஒரு கவுண்டரும் போட்டுவிடுங்க. ரெண்டு பேர் முன்னால் பெட்டியைத் திறந்து எண்ணும்போது அந்த எண்ணோடு காசு ஒத்துப்போகணும். ஒத்துப்போகாவிட்டால் யாரையும் சந்தேகப்படும் முன்னால், எங்காவது காசு சிக்கி நிற்கிறதா என்று பாருங்க.