முதலமைச்சரான பின்னும் டாக்டர்

டாக்டர் பிதான் சந்திர ராய் 1882 ஜூலை 1ஆம் தேதி பாட்னாவில் பிறந்தார். 1962இல் அதே தேதியில், தமது 80ஆவது பிறந்த நாளன்று, கல்கத்தாவில் காலமானார்.

மேல்படிப்புக்காக 1909இல் லண்டன் சென்றவரின் மனுவை செயின்ட் பார்தலோமியு மருத்துவமனை பலமுறை நிராகரித்தது. விடாமல் முயன்று சேர்ந்து, இரண்டே கால் வருஷத்தில் எம்.ஆர்.சி.பி., எஃப்.ஆர்.சி.எஸ். இரண்டையும் முடித்துவிட்டு 1911இல் ஊர் திரும்பினார்.

1923 தேர்தலில் சுரேந்திரநாத் பானர்ஜியையே தோற்கடித்தார். பிறகு கல்கத்தா மேயர், பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1948 முதல் இறுதிவரை மேற்கு வங்க முதலமைச்சர். அகதிகள் பிரச்னை, துர்காபூர், கல்யாணி என்று தலைக்கு மேல் வேலை. அப்போதும் காலையில் வீட்டில் ஏழை நோயாளிகளை இலவசமாகப் பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. 1961இல் பாரத ரத்னா கிடைத்தது. அந்த வீட்டையும் தாயார் பெயரில் நர்சிங் ஹோம் நடத்தக் கொடுத்துவிட்டார்.

சர்க்கார் உத்தியோகத்தில் நான் பார்த்தவரை, பெரிய பதவிக்கு வந்த டாக்டர்கள் ஸ்டெதஸ்கோப்பை மறுபடி தொடுவது அபூர்வம். இன்று விளம்பரத்தால் பெயர் தேடுகிறவர்களும் உண்டு. டாக்டருக்குப் படிக்கும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு ராயின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் 14 வருஷம் முதலமைச்சராக இருந்தார். ஆனால் 1991 முதல் நாடு அவர் பிறந்த நாளைக் கொண்டாடுவது டாக்டர்கள் தினமாகத்தான்.