கொச்சியில் தமிழ் நூல் தந்த அண்டிரிக் அடிகளார்

மட்டாஞ்சேரி கடைத்தெருவிலும் துறைமுகத்திலும் நாள்தோறும் ஆயிரம் அலுவல்களுக்கிடையே உழலும் தமிழர் பலருக்கு, பக்கத்திலுள்ள கோட்டைக் கொச்சியில் 1579-ஆம் ஆண்டிலேயே தமிழ் நூலொன்று அச்சேறியது தெரியாது. அந்நூலைத் தந்தவர் அண்டிரிக் அடிகளார். எந்த வேலையானாலும் இறைவனுக்கே முதலிடம் என்று வாழ்ந்து காட்டியவர் அவர்.

மூடிய கதவு

அடிகளார் 1520-இல் போர்ச்சுக்கல் நாட்டின் வில்லா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். துறவியாகும் ஆவலுடன் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். ஆனால் அவருடைய முன்னோர் யூதர்கள் என்ற காரணத்தால் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. வேறொருவராயிருந்தால் மனம் கசந்து உலக வாழ்வுக்குத் திரும்பியிருப்பார். அடிகளாரோ கொயிம்பிராவில் படிப்பைத் தொடர்ந்து, 1545-இல் இயேசு சபையில் சேர்ந்தார். மறு ஆண்டே இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

அவரது கொச்சி நூல் வெளிவருவதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்னர், 1568-இல், மட்டாஞ்சேரியில் யூதர்களின் தொழுகைக்கூடம் எழுந்தது. பிறப்பைக் காரணம் காட்டிச் சொந்த நாட்டில் விலக்கப்பட்டவரின் நூல், அந்த யூதத் தெருவுக்கு அருகிலேயே அச்சானது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தமிழே தவம்

புனித சவேரியார் அவரை முத்துக்குளித்துறைக்கு அனுப்பினார். துபாஷிகளை நம்பிப் போதித்தால் சொன்னது ஒன்று, மக்கள் காதில் விழுவது வேறொன்று என்பதை அடிகளார் விரைவில் உணர்ந்தார். இறைவனுடைய வேலையை அரைகுறையாகச் செய்ய அவர் மனம் ஒப்பவில்லை. உடல் நலம் குன்றியிருந்தும் தமிழ் கற்பதில் முழுமூச்சாக இறங்கினார். உடன் பணியாற்றிய குருக்கள் தமக்குள் தமிழிலேயே பேச வேண்டும், தவறினால் தண்டனை ஏற்க வேண்டும் என ஏற்பாடு செய்துகொண்டனர். அவர் எழுதி வைத்த தமிழ் இலக்கணம் கையெழுத்துப் படியாக லிஸ்பனில் கிடந்து, 1982-இல்தான் அச்சில் வந்தது.

ஜெபத்தோடு அவர் நின்றுவிடவில்லை. புன்னைக்காயலில் ஏழைகளுக்காக மருத்துவமனை அமைத்தார். 1553-இல் அவ்வூர் தாக்கப்பட்டபோது சிறைப்பட்டு, விடுதலையானபின் மீண்டும் அம்மக்களிடையே பணியைத் தொடர்ந்தார்.

அச்சில் வந்த ஜெபம்

தமிழ் எழுத்து வார்ப்பதற்கு முத்துக்குளித்துறைப் பரதவர் 400 குருசாதோ பணம் திரட்டித் தந்தனர். உயிரைப் பணயம் வைத்துக் கடலில் மூழ்கி ஈட்டிய பணம் அது. 1578-இல் கொல்லத்தில் 16 பக்கங்கொண்ட தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. தமிழ் எழுத்தில் அச்சாகிக் கிடைத்துள்ள முதல் நூல் அதுவே. மறு ஆண்டு நவம்பர் 14-இல் கொச்சி இயேசு சபைக் கல்லூரியில் கிரீசித்தியானி வணக்கம் அச்சானது. ஆசிரியர் வினவ மாணவர் விடையளிக்கும் முறையில் அமைந்தது இந்நூல். எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டவரை வணங்க வேண்டும் என்பதே பத்துக் கட்டளைகளில் முதலாவது. குரு வர இயலாத நாளிலும் வீட்டிலேயே ஜெபமும் கட்டளைகளும் கற்க இத்தகைய நூல்கள் உதவின. 1586-இல் புனிதர்களின் வரலாறும் அவரால் தமிழில் வெளிவந்தது.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்க் கரையிலேயே உழைத்த அடிகளார் 1600-இல் புன்னைக்காயலில் மறைந்தார். அவரது உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின் இங்கிருந்த கத்தோலிக்க ஆலயங்கள் பலவும் அழிந்தன. நூல்களோ நிலைத்தன.

இறைவனுக்கு முதலிடம் என்றால் வேலையைத் துறப்பது என்று பொருளல்ல. இலக்கணம் எழுதினாலும், நோயாளியைக் கவனித்தாலும், அச்சுக்கு நூல் ஆயத்தம் செய்தாலும் அடிகளார் அதை இறைவனுக்கென்றே செய்தார். மூட்டை சுமப்பவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது.