கப்பி வாத்தியார் ஜார்ஜ் அட்வுட்



கிணத்துக் கப்பியைப் பார்த்திருப்பீங்க. ஒரே கயிற்றின் ரெண்டு முனையிலும் வாளி கட்டி விட்டால், கனமான வாளி இறங்கும், லேசான வாளி ஏறும். பிளஸ் ஒன் இயற்பியலில் நம்மைப் பாடாய்ப் படுத்தும் கப்பிக் கணக்கும் இதேதானுங்க! அந்தக் கணக்கை மாணவர்கள் கண்முன்னே ஓட்டிக் காட்டியவர் ஜார்ஜ் அட்வுட்.

இவர் 1745-ல் லண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் படித்து, 1769-ல் கணிதப் பட்டத் தேர்வில் மூன்றாவதாக வந்தார். பிறகு அங்கேயே ஆசிரியர் ஆனார். சும்மா பேசிவிட்டுப் போகமாட்டார், சோதனை செய்து காட்டித்தான் பாடம் நடத்துவார்.

அங்கேதான் அவருக்கு ஒரு சிக்கல். விழுகிற பொருள் எப்படி வேகம் எடுக்குதுன்னு காட்டணும். 2 மீட்டர் உயரத்திலிருந்து கல்லை விட்டால் முக்கால் நொடிகூட ஆகாது, டக்குனு தரைக்கு வந்திடும். அவரிடம் இருந்ததோ நொடிக்கு ஒருமுறை டிக் அடிக்கிற ஊசல் கடிகாரம். எப்படி அளப்பது?

விழுவதையே மெதுவாக்கிவிட்டார்! கப்பியின் ஒரு பக்கம் 51 கிராம், மறு பக்கம் 49 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுப்பது 2 கிராமின் எடை மட்டும். ஆனால் நகர வேண்டியது மொத்தம் 100 கிராம். அதனால் முடுக்கம் g-யில் 50-ல் ஒரு பங்குதான். அதே 2 மீட்டர் இறங்க இப்போது சுமார் நாலரை நொடி! நிதானமாக எண்ணலாம்.

உராய்வு கெடுக்காமல் இருக்க, கப்பியின் அச்சை நான்கு சிறு சக்கரங்கள்மேல் உட்கார வைத்தார். வழியில் ஒரு வளையம். கூடுதல் எடையான சின்னக் கம்பி அதில் தங்கிவிடும். மற்றவை அதுவரை எடுத்த வேகத்திலேயே சீராகப் போகும். நியூட்டனின் முதல் விதி, இரண்டாம் விதி ரெண்டும் ஒரே கருவியில்! இதையெல்லாம் 1784-ல் புத்தகமாக எழுதினார்.

அதே ஆண்டு கேம்பிரிட்ஜை விட்டுவிட்டார். பிரதமர் பிட் அவருக்குச் சுங்கத்துறையில் அதிக வேலையில்லாத ஒரு பதவி கொடுத்தார். கிடைத்த நேரத்தில் கணிதம்தான். மிதக்கும் கப்பல் சாயாமல் நிற்பது எப்படின்னு ஆராய்ந்து 1796-ல் காப்ளி பதக்கம் வாங்கினார். சதுரங்கத்திலும் கெட்டிக்காரர். பிரான்சின் பெரிய ஆட்டக்காரர் பிலிடோரோடு ஆடி, காய் நகர்த்தல்களை எழுதியும் வைத்தார். 1807-ல் காலமானார். நிலாவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது.

இனி என் கதை. 5 கிலோ, 3 கிலோ கணக்கில் கயிற்றின் இழுவிசை 50 நியூட்டன்னு எழுதி மார்க்கை விட்டேன். (g = 10.) 5 கிலோவை 50 நியூட்டன் மேலே இழுத்தால் அது எப்படிங்க இறங்கும்? ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே சமன்பாடு எழுதணும்.

50 − T = 5a
T − 30 = 3a

கூட்டினால் 20 = 8a. a = 2.5, T = 37.5 நியூட்டன். 30-க்கும் 50-க்கும் நடுவில்தான் வரும்.

இப்போது சொல்லுங்கள், கயிறும் கப்பியும் எடையில்லாதவை என்றால், கப்பி தொங்கும் கொக்கிமேல் எவ்வளவு விசை? 80-ன்னு அவசரப்படாதீங்க. ரெண்டு பக்கக் கயிறும் 37.5 வீதம் இழுக்கிறது. 75 நியூட்டன்தான்!