காஞ்சிக்கு வந்த சீனத்துத் துறவி

பட்டுப்புடவை எடுக்க நீங்கள் எத்தனை முறை காஞ்சிபுரம் போயிருப்பீர்கள்! தாம்பரம் போய், படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகப் பஸ்ஸில் உட்கார்ந்தால் காலையில் போய் மாலையில் வீடு திரும்பிவிடலாம். அதே காஞ்சிக்கு வந்து சேர ஒருவருக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பள்ளிப் புத்தகத்தில் நாம் எல்லோரும் ஒரு மார்க் கேள்விக்காகப் படித்த யுவான் சுவாங்தான் அவர். '7ஆம் அறிவு' படம் வந்த பிறகு காஞ்சியிலிருந்து சீனா போன போதிதர்மரை வீட்டுப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். எதிர்த் திசையில் வந்த இவரை ஒரு மார்க்கோடு விட்டுவிட்டோம்.

அவரைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சீன வரலாறு வேண்டும். சண்டையிட்டுக்கொண்டிருந்த பல நாடுகளைக் கி.மு. 221-ல் சின் வம்சத்து மன்னர் அடக்கி ஒரே பேரரசாக்கினார். எழுத்து, எடை, அளவு எல்லாவற்றையும் ஒன்றாக்கினார். அவர் வம்சம் 15 ஆண்டுதான் நின்றது. ஆனால் பேரரசர் முறை 1912 வரை நீடித்தது. அடுத்து வந்த ஹான் வம்சம் சுமார் 400 ஆண்டுகள் ஆண்டது, ஏறக்குறைய நம் சங்க காலம். ஹான் வரலாற்று நூலில் வரும் ஹுவாங்-சி என்ற தொலைதூர நாடு காஞ்சிதான் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. ஹானுக்குப் பின் நாடு துண்டு துண்டாகி, 589-ல்தான் சுய் வம்சம் அதை மறுபடி ஒட்டியது. பெரிய கால்வாய் வெட்டியும் கொரியாவோடு ஓயாமல் போர் நடத்தியும் அந்த வம்சம் மக்களைக் கசக்கிப் பிழிந்தது, 618-ல் கவிழ்ந்தது. பிறகு தாங் வம்சம்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே, 602 வாக்கில், லோயாங் நகருக்கு அருகே பிறந்தவர் யுவான் சுவாங். அண்ணன் ஏற்கெனவே புத்தத் துறவி. தம்பியும் சிறு வயதிலேயே மடத்தில் சேர்ந்தார். கலகம் வெடித்ததும் இருவரும் ஊர் ஊராக ஓடினார்கள். படிக்கப் படிக்க அவருக்கு ஒரு சங்கடம்: சீன மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஆசிரியருக்கு ஆசிரியர் பதில் மாறியது. மூல நூலையே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

அப்போது எல்லை தாண்டத் தடை. அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. 629 வாக்கில் (627 என்பாரும் உண்டு) கிழக் குதிரை ஒன்றோடு திருட்டுத்தனமாகக் கிளம்பினார். பாலைவனத்தில் தண்ணீர்த் தோல்பை கை நழுவிக் கொட்டிப்போய், ஐந்து நாள் சொட்டு நீரில்லாமல் கிடந்தார். குதிரைதான் நீர்நிலைக்கு அழைத்துப் போனது. துர்ப்பான் பகுதி அரசர் வேறு விதமாகச் சோதித்தார்: இங்கேயே ராஜகுருவாக இருங்கள், விடமாட்டேன் என்றார். யுவான் சுவாங் சாப்பாட்டை நிறுத்தினார். அரசர் இறங்கிவந்து, பொன்னும் குதிரைகளும் வழியிலுள்ள மன்னர்களுக்குக் கடிதங்களும் கொடுத்து, திரும்பும்போது தன்னிடம் வந்து தங்க வாக்கு வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

சமர்கந்து, பாமியான், காஷ்மீர் என்று சுற்றி நாளந்தா சேர்ந்தார். அங்கே அவருடைய ஆசிரியர் முதியவர் சீலபத்திரர். சீலபத்திரரின் ஆசிரியர் யார் தெரியுமா? தருமபாலர், காஞ்சிபுரத்துக்காரர்! அமைச்சர் வீட்டு மூத்த பிள்ளை. அரசர் மகளோடு கல்யாணம் நிச்சயமாகி, முந்தின இரவில் எல்லாவற்றையும் விட்டுத் துறவியானவர் என்று யுவான் சுவாங்கே எழுதி வைத்திருக்கிறார். ஆக, குருவின் குரு பிறந்த ஊருக்குத்தான் அவர் 640 வாக்கில் வந்தார். அப்போது காஞ்சியில் மாமல்லன் நரசிம்மவர்மன் ஆட்சி.

நகரின் சுற்றளவு 30 லி (ஏறத்தாழ 15 கிலோமீட்டர்), நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள், பத்தாயிரம் துறவிகள், சுமார் 80 கோயில்கள், நிறைய சமணர்கள் என்று கணக்கு எழுதினார். மண் வளம், வெயில், மக்களின் துணிவு, படிப்பில் அவர்களுக்கிருந்த மரியாதை எதையும் விடவில்லை. வெயிலைப் பற்றி மட்டும் இன்றும் திருத்தம் தேவைப்படாது. இங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேறுவதுதான் திட்டம். ஆனால் அங்கே அரசர் இறந்து, பஞ்சமும் வந்ததால் சுமார் 300 பிக்குகள் காஞ்சிக்கு வந்துவிட்டார்கள். அவர்களிடமே சந்தேகங்களைக் கேட்டார். தமக்குத் தெரிந்ததற்கு மேல் அவர்கள் சொல்லவில்லை. கடல் தாண்டாமல் மேற்கே திரும்பினார்.

ஊர் திரும்பும் வழியில் சிந்து நதியில் படகு ஆடி, ஐம்பது சுவடிகள் போயின. துர்ப்பான் அரசருக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்ற முடியவில்லை. அவர் இறந்துபோயிருந்தார், 640-ல் அந்த நாட்டைத் தாங் படை பிடித்துக்கொண்டது.

645-ல், 657 நூல்களை 20 குதிரைகளில் ஏற்றிக்கொண்டு தலைநகர் சாங்ஆன் சேர்ந்தார். தடையை மீறிப் போனவருக்குத் தண்டனை இல்லை, ஊரே திரண்டு வரவேற்றது. பேரரசர் தைசோங் காவியைக் கழற்றிவிட்டு அமைச்சராகச் சொன்னார். மறுத்தார். சரி, பார்த்த நாடுகளைப் பற்றியாவது எழுதுங்கள் என்றார் பேரரசர். மேற்குலகைப் பற்றித் தகவல் தேவைப்பட்ட அரசியல் அவருக்கு. அப்படி 646-ல் முடிந்த பயண நூலில்தான் நம் காஞ்சி இருக்கிறது.

மீதி 19 ஆண்டுகளும் மொழிபெயர்ப்புதான்: 75 நூல்கள், 1,335 பாகங்கள். கடைசியாக எடுத்த பிரக்ஞாபாரமிதை மட்டும் 600 பாகங்கள். திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கிவிடலாமே என்று சீடர்கள் கெஞ்சினார்கள். முடிப்பதற்குள் இறந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது. ஆனால் சுருக்கப்பட்ட பிரதிகளால் குழம்பித்தானே அவர் வீட்டை விட்டே கிளம்பினார்! ஒரு வரி விடாமல் 663-ல் முடித்தார். 664-ன் தொடக்கத்தில் காலமானார்.

அவர் கணக்கெடுத்த மடங்களைக் காஞ்சியில் இன்று தேடினால் கிடைக்காது. காமாட்சியம்மன் கோயிலில் கிடைத்த, நின்ற கோலத்துப் பெரிய புத்தர் சிலை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் நேரே எழும்பூர். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.